யார் காலில் கிடந்த செருப்பு?

2022 நவம்பரில் ஜூலியன்ஸ் என்கிற அமெரிக்க ஏலக் கம்பெனி ஒரு ஜோடி பழைய செருப்பை விற்றது. விலை 2,18,750 டாலர். பிர்க்கன்ஸ்டாக் கம்பெனியின் 'அரிசோனா' ரகம். பழுப்புத் தோலில் இரண்டு வார், கார்க்கில் அடிப்பாகம், அவ்வளவுதான். 1970களிலும் 80களிலும் ஸ்டீவ் ஜாப்ஸ் போட்டு நடந்த செருப்பு அது. ஏலக் குறிப்பு இதன் சிறப்பாக எதைச் சொன்னது தெரியுமா? பல வருசம் போட்டு நடந்ததில் ஜாப்ஸின் பாதத் தடம் கார்க்கில் அப்படியே பதிந்து கிடக்கிறது என்பதை.

இதை எங்கள் வாசிப்பு வட்டத்தில் சொன்னேன். ஒரு தம்பி மூக்கைச் சுளித்தான். "அண்ணே, வேர்வை படிஞ்ச செருப்புக்கா இத்தனை காசு?" பக்கத்திலிருந்த மாணவி சட்டென்று சொன்னாள்: "யாரு வேர்வைன்னு பாருடா."

அந்தப் பெண் சொன்னதுக்கு மேல் இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவது அதிகமில்லை. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1

பெரிய வடிவமைப்பாளர்கள் பெயர் போட்ட பழைய ஷூவையும் செருப்பையும் தேடி வாங்குவது மேற்கே ஒரு பெரும் சந்தை. 2009இல் பாரிசில் தொடங்கிய வெஸ்தியேர் கலெக்டிவ், 2011இல் அமெரிக்காவில் தொடங்கிய தி ரியல்ரியல் போன்ற கம்பெனிகள் அடுத்தவர் உடுத்ததையும் மாட்டியதையும் விற்றே வளர்ந்தவை. இப்படி விற்கிற பழசுக்கு 'வின்டேஜ்' என்று பெயர். ஒயின் வியாபாரத்துச் சொல் அது. எந்த வருசத்துத் திராட்சை அறுவடை என்பதைக் குறித்தது. செருப்புக்கு வந்தபோது சுமார் 20 வருசம் தாண்டிய, பெயர் உள்ள பழசு என்று பொருளாகிவிட்டது.

இந்தச் சந்தையில் வாங்குகிறவருக்குச் சொல்லப்படும் யோசனைகளை ஒரு பிரதியாக எடுத்து வாசித்துப் பார்ப்போம். முதலில் செருப்பைத் திருப்பு, அடி எவ்வளவு தேய்ந்திருக்கிறது பார். குதிகால் மாற்றியிருக்கிறார்களா? உள்தோலில் முத்திரை இருக்கிறதா, எழுத்து எந்தக் காலத்து எழுத்து? கூடவே டப்பாவும் துணிப்பையும் வருகிறதா? தையல் சீராக ஓடுகிறதா? பாலியூரித்தேன் அடி என்றால் யோசித்து வாங்கு. காற்றிலிருக்கும் ஈரமே அதை வருசக் கணக்கில் தின்றுகொண்டிருக்கும். பெட்டியைவிட்டு எடுக்காமல் வைத்திருந்தாலும் போட்டு நடக்கிற முதல் நாளே பொடிப்பொடியாக உதிரும். தோலில் தைத்த அடி என்றால் துணிந்து வாங்கு. தேய்ந்தால் பிரித்து வேறு அடி தைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் நல்ல யோசனைதான். தோலையும் தையலையும் மதிக்கிற பேச்சு இது. வாங்கினோம், கிழிந்தது, எறிந்தோம் என்கிற பழக்கத்துக்கு எதிராகவும் இதில் ஒன்று இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்தப் பிரதி எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று பாருங்கள். தையலைப் பார் என்கிறது, தைத்தது யார் என்று கேட்பதில்லை. முத்திரையைப் பார் என்கிறது. முத்திரையில் இருப்பது கம்பெனிக்காரர் பெயர். அதோடு 'ப்ராவனன்ஸ்' என்று ஒரு சொல்லைச் சொல்கிறது. இந்தப் பொருள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்கிற வரலாறு அது. நம்ம பாஷையில் சொன்னால் குலம் கோத்திரம் விசாரிப்பது. குலம் தெரிந்தால் தேய்மானமே அழகாகிவிடுகிறது, வேர்வைக் கறை தோலுக்கு ஏறிய முதிர்ச்சியாகிவிடுகிறது. குலம் தெரியாவிட்டால் அதே தேய்மானம் அழுக்கு. செருப்புக்கும் பிறப்பு பார்க்கிறார்கள் என்பது செருப்பு தைக்கிற சனங்களைப் பிறப்பு சொல்லியே தள்ளி வைத்த நாட்டில் இருக்கிற நமக்குச் சீக்கிரம் புரியும்.

2

பழைய செருப்பைப் பற்றிய விதி இந்த நாட்டுக்குப் புதிதில்லை. கௌதம தர்ம சூத்திரத்தின் 10ஆம் அத்தியாயத்தில் சூத்திரனுக்கான கடமைகள் வருகின்றன. மேலே உள்ளவர்கள் கழித்துப்போட்ட செருப்பு, குடை, துணி, பாய் இவற்றை அவன் உபயோகிக்க வேண்டும் என்பது அதிலொன்று. மனுவும் 10ஆம் அத்தியாயத்தில் மிச்சச் சோற்றையும் பழந்துணியையும் சூத்திரனுக்குக் கொடுக்கச் சொல்கிறது. சண்டாளர் என்று குறிக்கப்பட்டவர்களுக்கு அதுவும் கிடையாது, பிணத்தின் துணியும் உடைந்த கலமும்தான். ஆக யார் போட்ட பழசை யார் போடுவது என்று இங்கே எழுதியே வைத்திருந்தார்கள். பழசு மேலேயிருந்து கீழேதான் இறங்கும். இறங்கும்போது அதன் விலை ஏறாது, வாங்குகிறவன் மதிப்புத்தான் இன்னும் இறங்கும்.

எங்கள் தாத்தா ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். ஒரு பொங்கலுக்குப் பண்ணை வீட்டில் ஒரு ஜோடி பழைய செருப்பு கொடுத்தார்களாம். தோல் செருப்பு. பண்ணையார் கால்விரல்கள் ஐந்தும் தனித்தனியாகக் குழி விழுந்து தெரியுமாம். தாத்தாவுக்கு அகலமான பாதம், சேற்றில் வளர்ந்த பாதம். அந்தக் குழிகளில் அவர் விரல் ஒன்றுகூட உட்காரவில்லை. அதைவிட ஒன்று: செருப்பைக் கொடுத்தார்களே ஒழிய ஊருக்குள் அதைப் போட்டு நடக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. கூரையில் செருகி வைத்திருந்து, வெளியூர் போகிற அன்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊர் எல்லை தாண்டியதும் காலில் மாட்டுவாராம். திரும்பி வரும்போது எல்லையில் கழற்றிவிடுவார். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்கள் சிரித்ததில்லை.

ஜாப்ஸ் செருப்பின் பாதத் தடத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அந்தக் குழிகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரே பொருள்தான்: பெரிய மனிதர் கால் பதிந்த தோல். ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். இன்னொன்றைச் சும்மா வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். மதிப்பு செருப்பில் இல்லை என்பதை நிரூபிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

3

வின்டேஜ் செருப்பு தேடுகிறவர்கள் விரும்பித் தேடுகிற பெயர்களில் ஒன்று சல்வத்தோரே ஃபெராகாமோ. 1898இல் தெற்கு இத்தாலியில் பொனித்தோ என்கிற கிராமத்தில் பிறந்தவர். 14 பிள்ளைகளில் ஒருவர். 1957இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் அவர் சொல்லும் ஒரு விசயம் நமக்கு முக்கியம். செருப்பு தைக்கப் போகிறேன் என்று சின்ன வயதில் சொன்னபோது வீட்டில் சம்மதிக்கவில்லை. ஏழைக் குடும்பம்தான், ஆனாலும் அந்த ஊரில் செருப்பு தைப்பது எல்லாத் தொழிலுக்கும் கீழான தொழில். தங்கையின் தேவாலயச் சடங்குக்கு வெள்ளைச் செருப்பு இல்லாமல் வீடு தவித்தபோது ஒரே இராத்திரியில் பையனே தைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் விட்டார்கள்.

பிறகு அமெரிக்கா போனார், ஹாலிவுட் நடிகைகளுக்குத் தைத்தார், 1927இல் ஃபிளாரன்சுக்குத் திரும்பினார். எத்தியோப்பியாமீது முசோலினி படையெடுத்ததால் வந்த பொருளாதாரத் தடையில் செருப்புக்குள் வைக்கிற நல்ல எஃகு கிடைக்காமல் போனபோது, சார்தீனியத் தீவின் கார்க்கை அடுக்கி உயரமான ஆப்பு வடிவ அடியைச் செய்தார். 1947இல் மேல்பாகத்துக்கு நைலான் இழையை வைத்துக் கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு செருப்பு செய்து அமெரிக்காவில் பரிசு வாங்கினார். 1960இல் செத்துப் போனார். 1995இலிருந்து ஃபிளாரன்ஸ் அரண்மனை ஒன்றில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது.

கீழான தொழில் என்று சொல்லப்பட்ட கை, ஒரே ஆயுசில் மியூசியமாகிவிட்டது. எனக்கு இதில் பொறாமை இல்லை, மரியாதை உண்டு. ஆனால் ஒரு கேள்வியும் உண்டு. பொனித்தோவில் தொழிலுக்கு இழிவு இருந்தது, தொழிலை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் காசு சேர்ந்தாலும் அது உதிர்ந்துவிடும். இங்கே இழிவைப் பிறப்பில் தைத்து வைத்தார்கள். செருப்பைத் தொடாமல் கலெக்டர் ஆபீசில் எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளையையும் அந்தப் பெயர் சொல்லித்தான் ஏசுவார்கள். ஆகவே, 'உழைத்தால் நீயும் ஃபெராகாமோ ஆகலாம்' என்று யாராவது வந்தால் அவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். இன்னொன்று: ஃபிளாரன்சில் அவருக்குக் கீழே தைத்த நூற்றுக்கணக்கான கைகளின் பெயரை அந்த முத்திரையும் சொல்லாது. அவர் பத்திரப்படுத்திய மரக்கட்டை அச்சுகளில் பெயர் உண்டு. போட்டுக்கொண்ட நடிகைகளின் பெயர்.

4

நம் பக்கத்துச் செருப்புக்கு வருவோம். மேற்கத்திய வின்டேஜ் சந்தையில் 1970களின் 'எருமைத்தோல் செருப்பு' என்று ஒரு வகை உண்டு. கட்டைவிரலுக்கு ஒரு வளையம், குறுக்கே ஒரு பட்டை, தட்டையான தோல் அடி. அன்றைக்கு ஹிப்பிகள் விரும்பிப் போட்டது. இந்தியாவில் செய்தது என்ற ஒரு வரிதான் அதற்குக் குலம் கோத்திரம். செய்தவர் பெயர் கிடையாது, சாதி கிடையாது, ஊர்கூடக் கிடையாது.

அந்த வடிவத்தின் உறவுக்காரிதான் கோலாப்புரி. 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா கம்பெனி நடத்திய ஆண்கள் உடை அணிவகுப்பில் கோலாப்புரி மாதிரியே செருப்புகள் நடந்து போயின. 'தோல் செருப்பு' என்பதற்கு மேல் கம்பெனி எதுவும் சொல்லவில்லை. கூச்சல் கிளம்பிய பிறகு, இந்தியக் கைவினையிலிருந்து உந்துதல் பெற்றதுதான் என்று ஒப்புக்கொண்டது. கோலாப்புரிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. மகாராஷ்டிரத்தில் 4 மாவட்டம், கர்நாடகத்தில் 4 மாவட்டம். பிராடாமீது பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு போட்டார்கள். குறியீட்டைப் பதிவு செய்த உரிமையாளர் நீங்கள் இல்லை என்று சொல்லி 2025 ஜூலையில் நீதிமன்றம் தள்ளிவிட்டது. டிசம்பரில் இரண்டு மாநிலங்களின் தோல் தொழில் கழகங்களோடு பிராடா ஒப்பந்தம் போட்டது. 2,000 ஜோடி இங்கே செய்து, ஜோடி சுமார் 800 யூரோ விலையில் விற்பதாக அறிவித்தார்கள். உள்ளூரில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கோலாப்புரி வாங்கலாம்.

இதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். கிறிஸ்டியன் லூபூட்டான் தன் ஷூக்களின் அடியில் சிவப்பு வர்ணம் பூசுகிறார். அந்தச் சிவப்பு அடி அவருடைய வணிகச் சின்னம். அதைக் காக்க அவர் நியூயார்க்கில் வழக்காடினார், ஐரோப்பிய நீதிமன்றத்தில் 2018இல் வென்றார். வின்டேஜ் சந்தையில் அந்தச் சிவப்பு தேய்ந்திருந்தாலும் விலை உண்டு. ஒரு ஆள் பூசிய வர்ணத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாக ஒரு சனம் வெட்டித் தைத்த வடிவத்துக்குச் சொந்தக்காரரைத் தேட வேண்டியிருக்கிறது.

கூச்சல் போட்டவர்களையும் கவனியுங்கள். 'நம் பாரம்பரியத்தைத் திருடிவிட்டான்' என்றார்கள். யாருடைய பாரம்பரியம்? செத்த மாட்டைத் தூக்கியவன், உரித்தவன், பதனிட்டவன், தைத்தவன் எல்லாரும் 'நம்'மில் எப்போது சேர்ந்தார்கள்? 2016 ஜூலை 11இல் குஜராத்தில் ஊனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அப்போது அது பாரம்பரியமாகத் தெரியவில்லை. அடிபட்டவர்களின் சனம் செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கலெக்டர் அலுவலகத்தில் கொட்டி, 'உங்க மாதாவை நீங்களே பாத்துக்கங்க' என்று கேட்டதே, தோலைப் பற்றி நம் காலத்தில் எழுதப்பட்ட ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான் என்பேன். மிலானில் போனது செருப்பு என்பதால் அது பாரம்பரியம். ஊனாவில் இருந்தது கை என்பதால் அது குற்றம்.

5

பாதத் தடத்தைச் சாட்சியாக வைக்கிற வழக்கம் நம்மிடமும் உண்டு. பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்தையன் கோயிலில் பட்டவராயனுக்குச் சனங்கள் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். மறு வருசம் போய்ப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும், இராத்திரியில் சாமி போட்டு நடந்திருக்கிறது என்பது நம்பிக்கை. பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் பார்ப்பனராகப் பிறந்தவர். சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, பூணூலை அறு, குடுமியை எடு, செருப்பு தைக்கக் கற்றுக்கொள் என்று பெண்களின் தகப்பன் சொன்னார். பட்டன் செய்தான். செருப்பு தைத்துக் கொண்டுவந்து கொடுத்துத்தான் பெண் கேட்டான். உலகத்துச் செருப்புக் கதைகளில் இதற்கு ஈடாக ஒன்றை நான் கேட்டதில்லை. இங்கே குலத்தைக் காட்டி ஒன்றும் வாங்க முடியாது. குலத்தை விட்டுவிட்டு, கையால் செய்து காட்ட வேண்டும்.

அந்தக் கதைக்கே 'ப்ராவனன்ஸ்' மாற்றப் பார்த்தார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பார்ப்பனப் பெண்கள்தான், சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று திரித்துச் சொல்லும் வடிவங்கள் வந்தன. நா. வானமாமலை இந்தத் திரிபைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். குலம் கோத்திரத்துக்குப் போலி முத்திரை குத்துவது நியூயார்க் ஏலத்துக்கு முன்பே இங்கே தெரிந்த வித்தை.

6

இனி நம்மைப் பற்றி. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

நம் தம்பிமார்கள் பழைய பிராண்ட் ஷூ வாங்கி மாட்டுகிறார்கள். கூட்டத்தில் சில தோழர்கள் அதைக் கேலி செய்வதைப் பார்க்கிறேன். நான் செய்யமாட்டேன். கக்கத்தில் செருப்பை இடுக்கிக்கொண்டு நடந்தவரின் பேரன் ஷூ போட்டுத் தெருவில் சத்தம் வர நடப்பது சாதாரண விசயம் இல்லை. எவன் போட்டதாக இருந்தாலும், காசு கொடுத்து நானே தேர்ந்து வாங்கிய பழசு வேறு, தலையில் கட்டிய பழசு வேறு. ஆனால் அந்த முத்திரை கொடுக்கிற மிதப்பு இருக்கிறதே, அதுவும் குல மிதப்புத்தான்.

அதைவிடக் கசப்பானது இது. நான் பறையர் குடியில் பிறந்தவன். எங்கள் சேரியில் செருப்பு தைக்க வருகிற அருந்ததியப் பெரியவர் திண்ணைக்குக் கீழேதான் உட்காருவார். தண்ணீர் தனிச் சொம்பில். எங்கள் தாத்தா கதையைக் கண்கலங்கக் கேட்ட நாங்கள்தான் அந்தச் சொம்பையும் எடுத்துக் கொடுத்தோம். அவரை 'வாப்பா' என்றுதான் கூப்பிட்டோம், என் வயதுப் பிள்ளைகள்கூட. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் எத்தனை பேர் முகம் சுருங்கியது என்பதும் எனக்குத் தெரியும். நம் கதைகளில் கவிதைகளில் பறை வந்த அளவுக்குக் குத்தூசி வந்ததா? யாருடைய பெயரைக் கேட்காமல் விட்டோம் என்று பிராடாவை மட்டும் கேட்டால் போதுமா?

மும்பையில் சுதீர் ராஜ்பர் என்பவர், 2015இல் மகாராஷ்டிரத்தில் வந்த மாட்டிறைச்சித் தடையால் தோல் தொழிலாளர்கள் நொடித்துப்போன பிறகு, அவர்களோடு சேர்ந்து பழைய ரப்பரில் பை முதலான பொருள்களைச் செய்யத் தொடங்கினார். வைத்த பெயர் 'சமார் ஸ்டுடியோ'. ஏசப் பயன்பட்ட சாதிப் பெயர் முத்திரையாகிவிட்டது. இது விடுதலையா, இன்னொரு பிராண்டா என்று எனக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. ஆனால் பெயர் சொல்லாமல் விட்டதைவிட இது ஒரு அடி முன்னால் என்று தோன்றுகிறது.

போன மாதம் என் பழைய தோல் செருப்பின் வார் அறுந்து போனது. பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து உட்கார்ந்திருக்கிற பெரியவரிடம் போனேன். பல வருசமாக அவரிடம்தான் தைக்கிறேன். இந்தக் கட்டுரை மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்குத்தான் கேட்டேன்: "ஐயா, உங்க பேரு என்ன?"

நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குங்க? ஏதாச்சும் கணக்கெடுக்க வந்திருக்கீங்களா?"

"இல்லைங்கய்யா, சும்மாதான்."

பெயரைச் சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது, அதனால் இங்கே எழுதவில்லை. வாரைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, செருப்பைத் திருப்பி அடியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல தோலு. யாரு செஞ்சதுன்னு தெரியலை, கை நல்ல கை. இன்னும் அஞ்சு வருசம் வரும்."

ஏலக் கம்பெனிக்காரர் எழுதாத குறிப்பு அது. தடம் பதித்தது யார் என்று அவர் பார்க்கவில்லை, தைத்த கையைப் பார்த்தார். பழைய செருப்பை மதிப்பிடத் தெரிந்த ஆள் அவர்தான்.